ஒரே தோகையில் வரவும் செலவும்

ஒரே இலையின் அடி சர்க்கரையை வாங்கிக்கொண்டிருக்கும்போதே நுனி அனுப்பிக்கொண்டிருக்கும்; பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதை எப்போதும் மக்காச்சோளத்தில்தான் செய்து காட்டுகிறேன். நெல்லில் ஒருமுறை முயன்றேன், மாவுச்சத்தைக் கருநீலமாகக் காட்டும் அயோடின் கறை சரியாகப் பிடிக்கவில்லை. நெல் இலை பெரும்பாலும் சர்க்கரையாகவே வைத்துக்கொள்ளும். மக்காச்சோளமோ பகலில் நிறைய மாவுச்சத்து சேர்த்து, இரவில் கரைத்து அனுப்பிவிடும்.

புல்லினத்தில் இலை வளர்வது அடியில், நுனிதான் மூத்தது. குருத்துக்குள் சுருண்டிருக்கும் வெளிறிய அடிப்பாகம் கீழ்த்தோகைகள் அனுப்பும் சர்க்கரையில் வளரும். வெயிலுக்கு வந்த நுனியோ அதற்குள் வெளியே அனுப்பத் தொடங்கியிருக்கும்.

தொட்டியில் விதைத்து, நாலைந்து இலை விடும்வரை நல்ல வெயிலில் வையுங்கள். பாதி வெளியே வந்த தோகைதான் வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்குச் செடியைத் தரையோடு அறுத்து, வெளியுறைகளை பிளேடால் கீறி, அந்தத் தோகையை அடிவரை முழுசாக எடுங்கள். இழுத்தால் அடி அறுந்துவிடும். நமக்கு வேண்டியதே அந்த அடிதான். ஐந்து ஐந்து சென்டிமீட்டராக நறுக்கி, வரிசை மாறாமலிருக்க ஓரத்தில் ஒரு வெட்டு, இரண்டு வெட்டு என்று அடையாளம் போடுங்கள்.

கொதிநீரில் ஒரு நிமிடம். அப்புறம் ஸ்பிரிட் ஊற்றிய சோதனைக்குழாயில் போட்டு, அடுப்பை அணைத்தபிறகு அந்த வெந்நீரிலேயே நிறுத்துங்கள். ஸ்பிரிட்டின் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் நெருப்பே கூடாது. நீர் ஆறினால் வேறு வெந்நீர் மாற்றுங்கள். பச்சை முழுக்க இறங்கியதும் துண்டுகளை வெந்நீரில் அலசி, தேன் நிறத்துக்கு நீர்த்த அயோடினில் போடுங்கள்.

நுனித்துண்டுகளில் கருநீலக் கோடுகள் தெரியும். மாவுச்சத்து நரம்பைச் சுற்றிய உறைசெல்களில்தான் சேரும் என்பதால் கறையும் கோடுகோடாக விழுகிறது. லென்ஸில் பார்க்க அவ்வளவு அழகு! அடியை நோக்கி வரவரக் கோடுகள் மங்கி, வெறும் மஞ்சளாகிவிடும். சர்க்கரையை ஏற்றும் சின்ன நரம்புகள் நுனியிலிருந்து கீழ்நோக்கித்தான் உருவாகின்றன. வாங்கும் பகுதி அனுப்பும் பகுதியாக மாறுவதும் அதே திசையில் இறங்குகிறது.

ஒன்றைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்வேன்: அயோடின் காட்டுவது இருப்பை மட்டும்தான், போக்குவரத்தை அல்ல. அந்த இரண்டு பகுதிகளுக்கும் எல்லை எங்கே என்று துல்லியமாகப் பார்க்க, ஆய்வுக்கூடங்களில் கதிரியக்கக் கார்பனை முதிர்ந்த இலைக்குக் கொடுத்து, அது இளந்தோகையில் எதுவரை ஏறுகிறது என்று தேடுவார்கள்.

அதே வயதுச் செடி இன்னொன்றை இரண்டு நாள் கழித்து அறுங்கள். கறை இன்னும் கீழே இறங்கியிருக்கும்.