டைனிங் டேபிள்ல நியூ மெக்ஸிகோ: 1862 குட்டிச் சண்டைங்களை வீட்ல ஆடுறது எப்படி

அமெரிக்க உள்நாட்டுப் போரை பொம்மைச் சிப்பாய் வச்சு டேபிள்ல ஆடணும்னு ஆசைப்படுறவன் எல்லாம் நேரா கெட்டிஸ்பர்க்ல போய்தான் விழுவான். நானும் விழுந்தேன். ரெண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை லட்சம் பேருக்கு மேல நின்ன சண்டை, அதை பெங்களூர் அல்சூர்ல ஒரு டூ பெட்ரூம் ஃப்ளாட்டுக்குள்ள கொண்டு வரணும்னா ஹாலையே காலி பண்ணணும், பொம்மை வாங்கவே ஒரு லோன் போடணும். மூணு மாசம் பொம்மை வெட்டினதுதான் மிச்சம், ஒரு ஆட்டம் கூட முடிக்கல.

அப்புறம்தான் நியூ மெக்ஸிகோ பக்கம் வந்தேன். 1862 ஆரம்பத்துல சிப்லினு ஒரு கான்ஃபெடரேட் (பிரிஞ்சு போன தெற்கு மாநிலங்க பக்கம்) ஜெனரல் சுமார் 2,500 டெக்ஸஸ் குதிரை ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு ரியோ கிராண்டே ஆத்தை ஒட்டியே மேல ஏறினார், கொலராடோ தங்கச் சுரங்கம், முடிஞ்சா கலிஃபோர்னியா வரைக்கும் பிடிச்சிடலாம்னு கணக்கு. எதிர்ல யூனியன் (வடக்கு, அமெரிக்க அரசாங்கப் படை) பக்கம் கர்னல் கேன்பி. இதுல டெக்ஸஸ்காரங்க சண்டையை ஜெயிச்சுக்கிட்டே வந்து போர்ல தோத்துட்டு நடந்தே ஊருக்குத் திரும்புனாங்க, ஏன்னா தண்ணி இல்ல, சோறு இல்ல, வண்டி எரிஞ்சு போச்சு. அதனால இந்தப் போரை ஆடும்போது எத்தனை பேரைக் கொன்னேனு எண்ணுறதைப் பெரிசா வச்சுக்காதீங்க, தண்ணியும் வண்டியும்தான் முக்கியம். கீழ சொல்றது எல்லாம் இதைச் சுத்தித்தான்.

முதல்ல சாமான். மெட்டல் பொம்மையை வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா பொம்மை விலையை விட கூரியரும் கஸ்டம்ஸும் ஜாஸ்தி, ஆரம்பத்துல வேண்டவே வேண்டாம். பேப்பர் சிப்பாயே போதும். நீங்களே வரைஞ்சு, ஜெராக்ஸ் கடையில தடி அட்டையில பிரின்ட் எடுத்து வெட்டுங்க, அவென்யூ ரோடு பக்கம் போனா அட்டை விதவிதமா கிடைக்கும். அடியில ஒட்ட எஸ்பி ரோட்ல இரும்பு வாஷர் எடை போட்டு வாங்கிக்கோங்க, ஃபேன் போட்டா பட்டாளமே பறக்காம இருக்கும் (அனுபவம்). நீலம் யூனியன், சாம்பல் கான்ஃபெடரேட்னு கலரை நம்பாதீங்க, டெக்ஸஸ் ஆளுங்க நிறைய பேர் கைப்பத்தின சரக்குல இருந்த நீலக் கோட்டையே மாட்டிக்கிட்டுத் திரிஞ்சாங்க, அதனால வாஷர் ஓரத்துல ஒரு சிவப்புப் புள்ளி வச்சிடுங்க.

நிலம் செய்யறதுக்கு நமக்கு யாரும் கத்துக்குடுக்க வேண்டாம், கொலுவுக்கு பார்க் கட்டின கைதான நம்ம கை. மரத்தூள்ல மஞ்சளும் காவியும் கலந்து காய வச்சா பாலைவனம் ரெடி, கொலுக் குளத்துக்கு வைக்கிற கண்ணாடிக்குப் பதிலா நீளமா ஒரு அலுமினியம் ஃபாயில் விரிச்சா ரியோ கிராண்டே. எங்கம்மா பார்த்துட்டு "என்னடா ஆடியிலயே கொலு வச்சுட்ட, சுண்டல் எங்க"ன்னு கேட்டாங்க. கூடாரத்துக்கு கடலைப் பொட்டலம் மாதிரி கூம்பா பேப்பரைச் சுருட்டிக் கவுத்து வைங்க, சும்மா சொல்லல, இந்த சிப்லிதான் 1856ல கூம்பு வடிவக் கூடாரத்துக்கு பேட்டன்ட் வாங்கின ஆளு, ரெண்டு பக்கப் பட்டாளமும் அதுலதான் படுத்துச்சு.

முதல் ஆட்டம் பிக்காச்சோ பாஸ். அரிசோனா, 1862 ஏப்ரல் 15. யூனியன் குதிரைக்காரங்க 13 பேர், கான்ஃபெடரேட் காவல் ஆளுங்க 10 பேர். அவ்வளவுதான் சண்டையே! ஒரு பொம்மை ஒரு ஆளு, மொத்தம் 23 பொம்மை, ஒரு சாயங்காலத்துல வெட்டி ஒட்டி ஆடியும் முடிச்சிடலாம். அந்த இடம் மெஸ்கீட் முள்ளுக்காடு, நம்ம ஊரு சீமைக்கருவேலத்துக்கு சொந்தக்கார மரம், அதனால ராமநாதபுரம் பக்கம் பஸ்ல போனவங்களுக்கு உள்ள என்ன தெரியும் என்ன தெரியாதுனு நான் சொல்லவே வேண்டாம். லெஃப்டினன்ட் பேரட் பொறுமையில்லாம குதிரையோட உள்ள பாய்ஞ்சு அங்கயே செத்தார், யூனியன்ல மொத்தம் 3 பேர் செத்தாங்க. ஆனா அவங்க வந்த வேலை கொல்றது இல்ல, டூசான்ல இருந்த கேப்டன் ஹன்ட்டருக்கு சேதி போகாம காவல் ஆளுங்களை மடக்குறது. அதனால ரூல் இப்படி: உயிரோட பிடிச்ச ஒவ்வொருத்தனுக்கும் யூனியனுக்கு 2 பாயின்ட், சுட்டுக் கொன்னா 1, டேபிள் ஓரத்தைத் தாண்டித் தப்பிச்ச ஒவ்வொருத்தனுக்கும் கான்ஃபெடரேட்டுக்கு 2. முள்ளுக்குள்ள குதிரைக்கு பாதி வேகம், 4 இன்ச்சுக்கு மேல கண்ணு தெரியாது. இந்த ஒரே ரூல்லயே பேரட் பண்ண தப்பு ஏன் தப்புனு புரிஞ்சிடும்.

அடுத்தது வால்வெர்டே, 1862 பிப்ரவரி 21. இங்க ஒரு பொம்மைக்கு 50 பேர்னு வச்சுக்கோங்க, டெக்ஸஸ் பக்கம் 50 பொம்மைக்குள்ள வந்துடும், யூனியனுக்கு கொஞ்சம் கூட. கேன்பி கிரெய்க் கோட்டைக்குள்ள இருந்தார், அதை நேரா இடிக்க முடியாதுனு டெக்ஸஸ்காரங்க ஆத்துக்குக் கிழக்கால சுத்தி வந்தாங்க, முந்தின ராத்திரி தண்ணியே இல்லாத இடத்துல கேம்ப், கோவேறு கழுதை எல்லாம் தாகத்துல தவிச்சு நின்னுச்சு, காலையில வடக்கால ஆத்தைக் கடக்குற துறைக்கு ஓடினா அங்க யூனியன் ஆளுங்க முன்னாடியே நிக்கிறாங்க. தண்ணி டாங்கருக்கு போன் போட்டுட்டு பால்கனியிலயே நின்ன பெங்களூர்காரனுக்கு இந்தச் சண்டையைத் தனியா விளக்க வேண்டாம்.

தண்ணிக்கு நான் புளியங்கொட்டை வச்சிருக்கேன். டெக்ஸஸோட ஒவ்வொரு படைக்கும் பக்கத்துல 3 கொட்டை. ரெண்டு டர்னுக்கு ஒண்ணு எடுத்துடணும். காலியாச்சுன்னா நடை பாதி, சுடும்போது டைஸ்ல ஒண்ணு கம்மி. ஆத்தைத் தொட்டா மறுபடி மூணும் வந்துடும். இதை வச்சதுக்கு அப்புறம்தான் என் மச்சான் மேட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் சுட்டுட்டே இருக்கற பழக்கத்தை விட்டான்.

சுடுறதுக்கு சிம்பிள் கணக்கு போதும், லூடோ டைஸ் ஒரு பத்து எடுத்து வைங்க. யூனியன் துப்பாக்கி 12 இன்ச் வரைக்கும், ஒரு பொம்மைக்கு ஒரு டைஸ், 5, 6 விழுந்தா அடி. டெக்ஸஸ் கையில பாதி வீட்ல இருந்து எடுத்துட்டு வந்த ஷாட்கன், 6 இன்ச்சுக்கு மேல உதவாது, ஆனா 4 இன்ச்சுக்குள்ள வந்துட்டா 3ல இருந்தே அடி. இந்த வித்தியாசத்தை விட்டுட்டா சண்டையோட உயிரே போயிடும், ஏன்னா நிஜத்துலயும் சிப்லி உடம்பு சரியில்லைனு ஒதுங்கிட்டார் (குடின்னுதான் பேச்சு), டாம் கிரீன் பொறுப்பெடுத்து, கேன்பி தன் வலப்பக்கத்துக்கு ஆளை நகர்த்தின நேரம் பார்த்து இடப்பக்கம் இருந்த மெக்ரேயோட 6 பீரங்கி மேல ஷாட்கனோட ஓடியே போய் பிடிச்சாங்க, கேப்டன் மெக்ரே அங்கயே செத்தார். பீரங்கிக்கு தூரத்துல 2 டைஸ், 8 இன்ச்சுக்குள்ள 4 டைஸ், பாய்ஞ்சு வர்ற படை ஒவ்வொரு டர்னும் தைரிய டெஸ்ட் பண்ணணும், 3க்குக் கீழ விழுந்தா நின்னுடும். பீரங்கியைப் பிடிச்சா டெக்ஸஸுக்கு 5 பாயின்ட், துறை கையில இருந்தா 5.

ஈட்டிக்காரங்களைப் பத்தி ஒரு வார்த்தை. வால்வெர்டேல டெக்ஸஸ் கேப்டன் லாங் ஒரு கம்பெனி ஈட்டிக் குதிரைகளை யூனியனோட கொலராடோ ஆளுங்க மேல விட்டார், துப்பாக்கி முன்னாடி அது நொறுங்கிப் போச்சு. புதுசா ஆட வர்றவங்க எல்லாரும் அந்தப் பொம்மையைத்தான் முதல்ல எடுப்பாங்க, அழகா இருக்கும்ல. தடுக்காதீங்க, ஒரு தடவை விட்டுப் பார்க்கட்டும்.

யூனியனோட நியூ மெக்ஸிகோ தொண்டர் படைங்களுக்கு ஒரு சீட்டுக்கட்டு வேணும். ஒவ்வொரு படைக்கு அடியிலும் ஒரு சீட்டைக் கவுத்து வைங்க, முதல் தடவை சுடப்படும்போதுதான் திருப்பணும், படச்சீட்டுனா உறுதி, 5க்குக் கீழனா ஒரு டர்ன் பின்வாங்கிடும். கிட் கார்சன் படைக்கு மட்டும் சீட்டு வேண்டாம், அது நின்னு ஆடின படை.

இப்ப குளோரியட்டா பாஸ், மார்ச் 26ல இருந்து 28 வரைக்கும். எனக்குப் பிடிச்சது இதுதான், சரியா அமைக்கக் கஷ்டமும் இதுதான். 28ஆம் தேதி பிஜன்ஸ் ராஞ்ச்ல டெக்ஸஸ் பக்கத்து ஸ்கர்ரி, யூனியன் கர்னல் ஸ்லவ்வைப் பின்னுக்குத் தள்ளிட்டார், மைதானம் அவர் கையில. அதே நேரத்துல யூனியன் மேஜர் ஷிவிங்டன் நானூறு பேருக்கு மேல கூட்டிக்கிட்டு மலை மேல சுத்திப் போய், பின்னாடி ஜான்சன்ஸ் ராஞ்ச்ல நின்ன சுமார் 80 சாமான் வண்டியைக் கொளுத்திட்டார். ஜெயிச்ச ஸ்கர்ரிக்கு மறுவேளைச் சோறு இல்ல.

நான் முதல் தடவை அமைச்சப்ப மச்சான் முந்தின நாளே எல்லாத்தையும் படிச்சுட்டு வந்து பாதிப் படையை வண்டிகிட்டயே நிறுத்திட்டான், ஆட்டம் சப்புனு போச்சு. அதனால இப்ப எப்படின்னா, சண்டை டைனிங் டேபிள்ல, வண்டி பெட்ரூம் டீப்பாய்ல. யூனியன் ஆடுறவர் ஆட்டத்துக்கு முன்னாடியே எத்தனை பொம்மையை மலைக்கு அனுப்பறேனு சீட்டுல எழுதி மடிச்சுக் குடுத்துடணும், பூஜ்யம்னு கூட எழுதலாம், அந்தப் பொம்மை டேபிள்ல இருக்காது. நாலாவது டர்ன்ல இருந்து ஒவ்வொரு டர்னும் டைஸ், 5, 6 விழுந்தா மலை இறங்கியாச்சு. கான்ஃபெடரேட் எத்தனை பேரைக் காவலுக்கு விடறார்ங்கறது அவர் தலைவலி. வண்டி எரிஞ்சா யூனியனுக்கு 10, மைதானம் பிடிச்சா கான்ஃபெடரேட்டுக்கு 6. இந்த 10க்கு 6ங்கற கணக்கை மாத்தாதீங்க, நான் சமமா வச்சுப் பார்த்தேன், எவனும் மலை ஏறல.

இதே ஷிவிங்டன்தான் 1864ல சேண்ட் கிரீக்ல ஷையன், அரபஹோ பழங்குடி மக்களைக் கொன்னு குவிச்சவர். அதை யாராவது டேபிள்ல வைக்கலாமானு கேட்டா நான் பொம்மையை எடுத்து உள்ள வச்சிடுவேன். அதே மாதிரி அடிமை முறைக்காகச் சண்டை போட்ட பக்கத்தை ஒருத்தரே எப்பவும் ஆடாம மாத்தி மாத்தி ஆடுங்க.

கடைசியா கழுதை ரூல். வால்வெர்டேக்கு முந்தின ராத்திரி யூனியன் கேப்டன் கிரேடன் ரெண்டு கோவேறு கழுதை மேல வெடிகுண்டு கட்டி, திரியைப் பத்த வச்சு எதிரி கேம்ப்புக்கு விரட்டினார், அதுங்க திரும்பி அவர் பின்னாடியே வந்துடுச்சு, ஆளுங்க தப்பிச்சது பெரிசு. ஆட்டத்துக்கு ஒரு தடவை யூனியன் இதைக் கேட்கலாம். 6 விழுந்தா டெக்ஸஸ் படைங்க எல்லாத்துக்கும் ஒரு புளியங்கொட்டை குறையும். 1ல இருந்து 4 வரைக்கும் கழுதை திரும்பி வரும். 5 விழுந்தா என்னனு நாங்க இன்னும் முடிவு பண்ணல, மச்சானோட பொண்ணு கழுதை ரெண்டும் தப்பிச்சு ஆத்துல தண்ணி குடிக்கப் போயிடுச்சுனு சொல்லிட்டா, இப்போதைக்கு அதுதான் ரூல்.