டிராக் காருக்கு வீல், டயர், பிரேக் சைஸ்: எதை முதல்ல முடிவு பண்ணணும்?

ரேஸ் டிராக்குக்கு கார் ரெடி பண்றவங்க நிறைய பேர் முதல்ல வீலைத்தான் வாங்குறாங்க, நானும் அப்படித்தான், 17 இஞ்ச்ல பளபளன்னு ஒரு செட் வாங்கி மாட்டினேன், ரிம்முக்கும் கேலிப்பருக்கும் (டிஸ்க்கை அமுக்கி பிடிக்கற பிரேக் பாகம்) நடுவுல விரல் போற அளவுக்கு இடம் இருந்துச்சு, ஆனா ஸ்போக்கோட உள்பக்கம் போய் கேலிப்பர்ல இடிக்குது. கையால சுத்தினா கால் சுத்து கூட போகல. அதனால இந்த வரிசையை பிடிச்சுக்கோங்க: பிரேக், ரிம் சைஸ், டயர், ரிம் அகலம், கடைசியாத்தான் ஆஃப்செட் (வீலை ஹப்ல மாட்டற முகம் ரிம்மோட நடுக்கோட்டுல இருந்து எவ்வளவு தள்ளி இருக்குங்கற அளவு).

முதல்ல பிரேக். பெரிய டிஸ்க் போட்டா கார் சட்டுனு நிக்கும்ங்கறது பாதி மூடநம்பிக்கை. ஓங்கி மிதிச்சா ஏபிஎஸ் (வீல் லாக் ஆகாம பாத்துக்கற சிஸ்டம்) வேலை செய்யுதா? அப்போ ஒரு தடவை நிறுத்த இருக்கற பிரேக்கே போதும், அதுக்கு மேல எல்லாம் டயரோட கையிலதான். டிராக்ல எதிரி சூடு. 1400 கிலோ கார் 100 கிமீ வேகத்துல வந்து நின்னா பிரேக் முழுங்க வேண்டியது சுமார் 540 கிலோஜூல், அதே கார் 200ல வந்து நின்னா 2160, அதாவது வேகம் டபுள் ஆனா சூடு நாலு மடங்கு, அதுவும் லேப்புக்கு லேப். டாட் 4 பிரேக் ஆயில் புதுசா இருக்கறப்போ குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் தாங்கணும்னு விதி, ஈரத்தை உறிஞ்சின பழைய ஆயிலுக்கு அந்த அளவு வெறும் 155தான். ஆயில் கொதிச்சு ஆவி குமிழி வந்துட்டா பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிக்காது. சோ புது ஆயில், டிராக் பேட் (அதிக சூடு தாங்கற பிரேக் பேட்), முடிஞ்சா டிஸ்க்குக்கு காத்து வர்ற மாதிரி ஒரு டக்ட், இதெல்லாம் பண்ணியும் பத்தலைன்னாதான் பெரிய டிஸ்க். முன்னாடி மட்டும் பெருசா மாட்டினா பிரேக் பேலன்ஸ் முன்பக்கம் சாஞ்சுடும், பின் பிரேக் சும்மா இருக்கும், நிக்கற தூரம் கூடவும் செய்யலாம்.

அடுத்து ரிம். உங்க பிரேக் மேல மாட்டக்கூடிய ரொம்ப சின்ன சைஸ் எதுவோ அதுதான் உங்களுக்கு. பெரிய ரிம் அழகு, ஆனா பெரும்பாலும் வெயிட் கூடும், டயர் விலையும் ஏறும். பெரிய பிரேக் கிட் விக்கறவங்க பெரும்பாலும் கேலிப்பரோட டெம்ப்ளேட் (நிஜ அளவுல வரைஞ்ச வடிவம்) குடுப்பாங்க, அதை பிரிண்ட் எடுத்து (ஸ்கேல் வெச்சு அளந்து பாருங்க, பிரிண்டர் சுருக்கிடும்) அட்டையில வெட்டி வீலுக்குள்ள வெச்சு ஒரு சுத்து சுத்துங்க, ஸ்போக் பக்கமும் சேத்து எல்லா இடத்துலயும் 3 மிமீயாவது இடைவெளி வேணும்.

டயருக்கு கணக்கு ஈஸி. 245/40ஆர்17ன்னா அகலம் 245 மிமீ, அதுல 40 சதவீதம் சைடுவால் (டயரோட பக்கச்சுவர்) உயரம், 98 மிமீ, மேலயும் கீழயும் சேத்து 196, ரிம் 17 இஞ்ச், அதாவது 431.8, மொத்த உயரம் சுமார் 628. கம்பெனியில வந்த டயர் 225/45ஆர்17ஆ இருந்தா அது 634, ஒரு சதவீதம்தான் வித்தியாசம், ஓகே. ரொம்ப தள்ளிப் போனா ஸ்பீடோமீட்டரும் கியரிங்கும் மாறும். ஆல் வீல் டிரைவ்னா முன்னும் பின்னும் உருளும் அளவு கம்பெனி குடுத்த மாதிரியே இருக்கணும், இல்லன்னா சென்டர் டிஃப் (முன் வீலுக்கும் பின் வீலுக்கும் பவரை பிரிச்சு குடுக்கற பாகம்) காலி.

245க்கு 8 இஞ்ச் அகல ரிம்மே போதும்பாங்க, ஆனா நான் 9தான் போடுவேன். ரிம் குறுகலா இருந்தா கார்னர்ல சைடுவால் மடங்கி டயரோட ஓரம் சீக்கிரம் தேஞ்சு போகும்.

ஆஃப்செட்லதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க. 17x8 ஈடி45ல (8 இஞ்ச் அகலம், ஆஃப்செட் 45 மிமீ) இருந்து 17x9 ஈடி45 போனா ரிம் உள்ள 12.7, வெளிய 12.7 மிமீ வளரும். அதையே ஈடி35 ஆக்கினா வெளிய 22.7, உள்ள 2.7. சஸ்பென்ஷன்ல இடிக்குமா ஃபெண்டர்ல இடிக்குமான்னு உங்க கார்ல அளந்து பாத்துட்டு நம்பரை எடுங்க. சந்தேகமா இருக்கற இடத்துல களிமண் உருண்டை ஒட்டி, ஸ்டியரிங்கை கடைசி வரைக்கும் ஒடிச்சு மெதுவா ஓட்டிப் பாருங்க, எங்க நசுங்கியிருக்கோ அங்க இடம் பத்தல. பிசிடி (போல்ட் ஓட்டைகள் இருக்கற வட்டத்தோட விட்டம்), சென்டர் போர் (வீலோட நடு ஓட்டை), நட்டோட சீட் (வீல்ல உக்காரற முகம்) கூம்பா உருண்டையா, இதையும் பாத்துடுங்க.

முதல் செஷனுக்கு முன்னாடி டயர் ஓரத்துல சாக்பீஸால கோடு போட்டுட்டு போங்க. வந்ததும் கோடு எதுவரைக்கும் அழிஞ்சிருக்குன்னு பாத்து காத்தை சரி பண்ணிக்கலாம், வீல் ஆறினதும் டார்க் ரெஞ்ச் வெச்சு நட்டை இன்னொரு தடவை செக் பண்ணிடுங்க.