செம்பனைக்கு மேலே நிற்கும் அந்த விளக்கு: வானம் பார்க்கப் புதியவர்களுக்கு

ஒரு நாள் இரவு ஏழே முக்கால் இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். "தம்பி, கொஞ்சம் வெளியே வாருங்கள். செம்பனைக்கு மேலே ஒரு விளக்கு நிற்கிறது. அணைந்து அணைந்து எரிகிறது. யாரோ ட்ரோன் விட்டு வீடுகளை நோட்டம் பார்க்கிறார்கள்." அதற்குள் எங்கள் வரிசை வீடுகளின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று குரல் பதிவுகள் வந்துவிட்டன. ஒருவர் குலை திருடர்கள் என்றார். இன்னொருவர் நேராக வேற்றுக்கிரகத்துக்கே போய்விட்டார்.

போய்ப் பார்த்தேன். மேற்கே கடைசி வரிசைச் செம்பனை மரங்களின் (எண்ணெய்க்காக வளர்க்கும் பனை) உச்சியில் வெள்ளைவெளேரென்று ஒரு புள்ளி. காற்றில் மட்டை ஆடியபோதெல்லாம் ஓலை அதை மறைத்தது, விலகியபோது தெரிந்தது. அணைந்து எரிந்ததன் கதை அவ்வளவுதான். "அது வெள்ளி அக்கா" என்றேன். "எத்தனை வெள்ளி?" என்று கேட்டார். ரிங்கிட் பணத்தை வெள்ளி என்று எண்ணும் மலேசியாவில் இந்தக் கோளை அறிமுகப்படுத்துவது எளிதல்ல.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நின்றுகொண்டு எழுதுகிறேன். தீபகற்பத்தின் வேறு எந்தத் தோட்டத்து ஊரிலிருந்து பார்த்தாலும் பெரிய வேறுபாடு இராது. தொலைநோக்கி வேண்டாம். கையும் கண்ணும், அசையாத ஒரு கம்பமும் போதும்.

எங்கே, எப்போது நிற்பது

இங்கே சூரியன் மறைய ஏழு, ஏழரை ஆகிவிடும். எட்டு மணிக்கு நல்ல இருட்டு. தோட்டத்துக்குள் போகாதீர்கள். செம்பனை அடியில் எலி உண்டு, எலி இருந்தால் பாம்பும் உண்டு. பள்ளித் திடலோ கோயில் திடலோ போதும். வெளிச்சம் மறைய மறைய, சூரியன் இறங்கிய இடத்தை ஒரு மரத்தையோ கூரையையோ வைத்து மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் மேற்கு. எங்களுக்குக் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், தெற்கே ஈப்போவின் வெளிச்சம் அடிவானத்தில் மங்கலாகத் தெரியும். துருவ நட்சத்திரத்தை வைத்து வடக்கைக் கண்டுபிடிக்கலாம் என்று படித்திருப்பீர்கள். இங்கே அது அடிவானத்திலிருந்து ஐந்து பாகைதான் உயரும். அதாவது மட்டைகளுக்குப் பின்னால். மறந்துவிடுங்கள்.

முதல் வேலை: கம்பத்தோடு ஒட்டிப் பாருங்கள்

தொண்ணூறு சதவீதக் குழப்பம் இந்த ஒரு படியில் தீர்ந்துவிடும் என்பது என் கணக்கு. இருட்டில் தனியாக நிற்கும் ஒரு புள்ளியை உற்றுப் பார்த்தால், அசையாமல் இருந்தாலும் அது அசைவதுபோலத்தான் தெரியும். சுற்றி ஒப்பிட எதுவும் இல்லாதபோது கண் செய்யும் குறும்பு அது. மேகம் ஓடும்போது நிலா ஓடுவதுபோலத் தெரிகிறதே, அதுவும் இதற்கு உறவுதான்.

மின்கம்பத்தில் தோளைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, அந்தப் புள்ளியைத் தகரக் கூரையின் விளிம்போடு ஒட்டி நிறுத்துங்கள். தலையை அசைக்காமல் நாலு நிமிடம். கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரலின் அகலம் ஏறத்தாழ ஒரு பாகை; மூடிய முட்டி பத்துப் பாகை. பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை மேற்கே நகர்கிறது. ஆகவே, நாலு நிமிடத்தில் ஒரு சுண்டுவிரல் அளவு மேற்கே நகர்ந்திருந்தால், அது வானத்தோடு சேர்ந்த பொருள்: கோள் அல்லது நட்சத்திரம். அதைவிட வேகமாகப் போனால் விமானமோ செயற்கைக்கோளோ. நகரவே இல்லை, அதுவும் கிழக்கே தாழ்வாக இருக்கிறது என்றால் மலைச்சரிவில் யாரோ விளக்கு ஏற்றியிருக்கிறார்கள். நான் ஒரு வாரம் வியாழன் என்று நம்பிக்கொண்டிருந்தது ஒரு தொலைத்தொடர்புக் கோபுரத்தின் விளக்கு என்பதைக் கூச்சத்தோடு சொல்லிவிடுகிறேன்.

கோளா, நட்சத்திரமா

மினுக்குகிறதா என்று பாருங்கள். நட்சத்திரம் வெகு தொலைவில் இருப்பதால் வெறும் புள்ளி. காற்றின் அலைச்சல் அதை உலுக்கிவிடும். கோள் பக்கத்தில் இருப்பதால் மிகச் சிறிய வட்டு. ஒரு மூலையின் நடுக்கத்தை மறுமூலை சமன்செய்துவிடுகிறது. ஆனால் அடிவானத்துக்கு அருகே கோளும் மினுக்கும், நிறம்கூட மாறும். ஆகவே மூன்று முட்டி உயரத்துக்கு மேலே இருந்தால்தான் இந்தச் சோதனை செல்லும்.

இன்னொரு சோதனை நம் ஊருக்கென்றே அமைந்தது. கோள்கள் வானத்தில் சூரியன் போகும் தடத்தை ஒட்டியே நடக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அந்தத் தடம் நம் தலைக்கு மேலாகப் போகிறது. எனவே நேர் தெற்கிலோ நேர் வடக்கிலோ தாழ்வாக எதைக் கண்டாலும் அது கோள் அல்ல. பிப்ரவரி இரவுகளில் தெற்கே மூன்று முட்டி உயரத்தில் பளிச்சென்று நிற்பது அகத்திய நட்சத்திரம். அதற்கு மேலே, அதைவிடப் பிரகாசமாக, நீலம் கலந்து துடிப்பது சிரியஸ். இரவு வானத்தின் மிகப் பிரகாசமான இரண்டு நட்சத்திரங்கள் இவைதான். இரண்டையும் முதலில் பழகிக்கொண்டால் பாதி ஏமாற்றம் குறையும்.

ஒவ்வொன்றாக அடையாளம்

வெள்ளி: நிலாவுக்கு அடுத்தபடி வானத்தில் பிரகாசமானது. பூமிக்கு உட்புறமாகச் சூரியனைச் சுற்றுவதால், சூரியனைவிட்டு அதிகபட்சம் 47 பாகைதான் விலகும். மாலையில் மேற்கே, அல்லது விடியற்காலையில் கிழக்கே. நள்ளிரவில் நம் தலைக்கு மேல் வெள்ளி நிற்க வழியே இல்லை. "இரவு பன்னிரண்டுக்கு உச்சியில் பார்த்தேன்" என்று யாராவது சொன்னால் அது பெரும்பாலும் வியாழன். ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போன தலைமுறைக்கு இந்தக் கோளை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலரைக்கு எழுந்து பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போனவர் என் தாத்தா. கடிகாரம் இல்லாத வீட்டில் விடிவெள்ளிதான் கடிகாரம் என்பார். சில மாதங்கள் அது காலையில் வராமல் மாலைக்குப் போய்விடுமே, அப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டுவிட்டேன்.

வியாழன்: பாலாடை நிறத்தில், ஆடாமல் அசையாமல் நிற்கும். பத்து மடங்கு பெருக்கும் பைனாகுலர் கிடைத்தால் முழங்கைகளைக் காரின் கூரையில் ஊன்றிப் பாருங்கள். இருபுறமும் ஊசிமுனைப் புள்ளிகள் ஒரே கோட்டில் தெரியும். 1610இல் கலிலியோ கண்ட நான்கு நிலாக்கள். மறுநாள் பார்த்தால் இடம் மாறியிருக்கும்.

செவ்வாய்: தணல் நிறம். இதன் பிரகாசம் ஏறி இறங்கும். 26 மாதங்களுக்கு ஒருமுறை பூமிக்கு அருகில் வரும்போது கொழுந்துவிடும், மற்ற நாட்களில் சாதாரண நட்சத்திரம்போலக் கிடக்கும். கேட்டை, ரோகிணி என்ற இரண்டு செந்நிற நட்சத்திரங்கள் அதே தடத்தில் இருப்பதால் ஆள் மாறாட்டம் நடக்கும். 2027 பிப்ரவரியில் செவ்வாயும் வியாழனும் இரண்டுமே சூரியனுக்கு எதிர்ப்புறம் வந்து இரவு முழுவதும் தெரியும். நிறத்தை ஒப்பிட்டுப் பழக நல்ல சமயம்.

சனி: மங்கிய மஞ்சள், அமைதியானது. வளையம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

புதன்: அந்தி வெளிச்சத்திலேயே ஒளிந்திருக்கும். செம்பனை சூழ்ந்த ஊரில் அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

குருப் பெயர்ச்சி ஏன் ஏறத்தாழ ஆண்டுக்கொருமுறை, சனிப் பெயர்ச்சி ஏன் இரண்டரை ஆண்டுக்கொருமுறை என்பதையும் இந்தத் திடலிலேயே பார்த்துவிடலாம். வியாழன் சூரியனைச் சுற்ற 12 ஆண்டுகள், சனி சுற்ற 29 ஆண்டுகளுக்கு மேல். பன்னிரண்டு ராசிகளால் வகுத்துப் பாருங்கள். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும் வரிசையில் நிற்கும்போது இதைச் சொன்னால் சிலர் முறைப்பார்கள்.

ஓடும் விளக்குகள்

விமானம் என்றால் சிவப்பும் பச்சையும், வெட்டிவெட்டி எரியும் வெள்ளையும் இருக்கும். ஏமாற்றுவது நம்மை நோக்கி நேராக வரும் விமானம். அதன் முன்விளக்கு சில நிமிடங்கள் அசையாமல் ஒரே இடத்தில் தொங்கும், பிறகு திடீரென்று பிரிந்து திரும்பும். பதறாமல் காத்திருந்தால் சத்தம் வந்து சேரும்.

சிமிட்டாமல், சத்தமில்லாமல், ஐந்தாறு நிமிடத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வானத்தைக் கடந்தால் அது அனைத்துலக விண்வெளி நிலையமாக இருக்கலாம். 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாஃபர் ஷுகோர் 2007 அக்டோபரில் போய்த் தங்கியது அங்கேதான். அந்தியிலோ விடியலிலோதான் தெரியும், ஏனென்றால் அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. நமக்கு இருட்டிய பிறகும் அந்த உயரத்தில் படும் வெயில்தான் மின்னுகிறது. பாதி வானத்தில் சட்டென்று மறைந்துபோனால் பயப்பட வேண்டாம், பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது. ஹெவன்ஸ்-அபவ் என்ற இணையதளத்தில் உங்கள் ஊரைக் கொடுத்தால் எந்த நிமிடம் எந்தத் திசை என்று சொல்லிவிடும். கோள்களுக்கு ஸ்டெல்லாரியம் செயலி. கைப்பேசியின் திசைகாட்டி தகரக் கூரைக்கும் காருக்கும் பக்கத்தில் கோணல்மாணலாகக் காட்டும். தள்ளி நின்று பாருங்கள்.

முத்துமாலை கோத்ததுபோல வரிசையாகப் போனால் ஸ்டார்லிங்க். 2019 மே மாதம் முதல் தொகுதியாக 60 செயற்கைக்கோள்கள் போயின. அன்றிலிருந்து உலகெங்கும் இதே பதற்றம். ஏவிய சில நாட்கள்தான் இந்த மாலைக் கோலம், பிறகு ஒன்றையொன்று விட்டுப் பிரிந்துவிடும். ஒன்றிரண்டு விநாடியில் கோடு கிழித்தால் எரிகல். அரை நிமிடத்துக்கு மேல் மெதுவாகத் துண்டுதுண்டாக எரிந்தபடி போனால், பெரும்பாலும் திரும்பி விழும் ராக்கெட் பாகம். செம்மஞ்சளாக, காற்றின் போக்கில் மிதந்து அணைந்தால் யாரோ பறக்கவிட்ட காகித விளக்கு.

எதிலும் பொருந்தாவிட்டால்

குழுவில் குரல் பதிவு போடுவதற்கு முன் நாலு விவரத்தை எழுதுங்கள்: மணி, திசை, எத்தனை முட்டி உயரம், எவ்வளவு நேரம் தெரிந்தது. "பெரிய வெளிச்சம்" என்பது விவரமல்ல. அமெரிக்க விமானப்படை விளங்காத பறக்கும் பொருட்களைப் பற்றி 1947 முதல் 1969 வரை வந்த 12,618 தகவல்களைத் திரட்டி ஆராய்ந்து, கடைசியில் 701ஐ அடையாளம் தெரியாதவை என்று அப்படியே வைத்தது. அவற்றுக்கு வேற்றுக்கிரக விண்கலம் என்று பெயர் சூட்டவில்லை.

என் குறிப்பேட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது. இரவு 9.10, வடக்கு, ஐந்து முட்டி உயரம். ஒரே இடத்தில் மூன்று முறை பளிச்சிட்டது, இடையில் ஏழெட்டு விநாடி, சத்தமில்லை. மறுநாள் அதே நேரத்தில் போய் நின்றேன், மழை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். அதை அக்கா ஒருநாள் புரட்டிப் பார்த்தார்.

"இது என்ன தம்பி?"

"தெரியவில்லை அக்கா."

"அப்படியானால் ட்ரோன்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.