டிஸ்க் பல்ஜுக்கு வீட்லயே மசாஜ்: எங்க அமுக்கணும், எங்க கை வைக்கவே கூடாது

டிஸ்க் பல்ஜ்னா முதுகெலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கற டிஸ்க் வெளிய பிதுங்கறது. மசாஜ் பண்ணி அதை உள்ள தள்ள முடியாதுங்க, ஒரே அமுக்குல ஏத்தி விட்டுடறேன்னு யாராவது சொன்னா ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. பிரச்சனை பெரும்பாலும் எல்4-எல்5, இல்லன்னா எல்5-எஸ்1ல (கீழ்முதுகோட கடைசி ரெண்டு டிஸ்க்) இருக்கும், வலிக்குப் பயந்து சுத்தியிருக்கற தசையெல்லாம் விறைச்சுக்கும், நாம தளர்த்தப்போறது அதை மட்டும்தான்.

உட்கார்ற இடம் மரத்துப்போச்சு, யூரின் மோஷன் கன்ட்ரோல் இல்ல, பாதத்தைத் தூக்க முடியலன்னா மசாஜ் பேச்சே வேண்டாம், நேரா எமர்ஜென்சி.

ஸ்டெப் 1: குப்புறப் படுத்து வயித்துக்கடியில தலகாணி. முடியலன்னா ஒருக்களிச்சு, முட்டிக்கு நடுவுல தலகாணி.

ஸ்டெப் 2: கூட இருக்கறவங்க உள்ளங்கையால தேய்ச்சு விடணும். முதுகெலும்பு மேல வேண்டவே வேண்டாம், அதுக்கு ரெண்டு பக்கமும் வரப்பு மாதிரி ஓடுற தசையில மட்டும். எந்த எண்ணெயா இருந்தாலும் சரி.

ஸ்டெப் 3: டென்னிஸ் பால். என்னை ரொம்ப இழுத்தடிச்சது இதுதான். சுவத்துல சாய்ஞ்சு நின்னு, பேன்ட் பின்பாக்கெட்டோட மேல் வெளி ஓரத்துல பாலை வச்சு மெதுவா வெயிட் குடுங்க. தசைன்னா அமுக்கின இடத்துலயே மந்தமா வலிச்சு, ஆங் அங்கதான்னு இருக்கும், அரை நிமிஷத்துல அடங்கும். சுரீர்னு கால்ல இறங்கி பாதம் வரைக்கும் கூசுச்சுன்னா சயாட்டிக் நரம்பு (இடுப்புல இருந்து காலுக்கு இறங்குற பெரிய நரம்பு) மேல ஏறி நிக்கறீங்க, பல்லைக் கடிச்சுட்டு தாங்காதீங்க, ரெண்டு விரக்கடை மேல நகத்துங்க.

ஸ்டெப் 4: முடிச்சதும் வலி எங்க இருக்குன்னு பாருங்க. கெண்டைக்கால்ல இருந்தது இடுப்புப் பக்கம் ஏறி வந்தா, இடுப்புல கொஞ்சம் கூடினாலும் நல்ல சைன்தான், இதை சென்ட்ரலைசேஷன்னு சொல்வாங்க, நியூசிலாந்து பிசியோ ராபின் மெக்கன்சி 1950கள்ல கவனிச்ச விஷயம். கீழ இறங்கினா அன்னைக்கு அதோட நிறுத்திடுங்க.

மசாஜ் கன் (தசையை அதிர்ந்து தட்டுற மெஷின்) எனக்குப் பிடிக்காது, நரம்பு எரிச்சல்ல இருக்கும்போது அந்த அதிர்வு தேவையே இல்ல. ஃபோம் ரோலரை (கெட்டி ஸ்பாஞ்ச் உருளை) இடுப்புக்கு அடியில போட்டு உருளாதீங்க.

அப்டேட்: காலைல எழுந்ததும் பண்ணலாமான்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. வேண்டாம், ராத்திரி முழுக்க டிஸ்க் தண்ணி இழுத்து உப்பியிருக்கும், முதல் ஒரு மணி நேரம் குனியறதையே தவிர்க்கறது நல்லது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்க, எலும்பு பலம் கம்மியா இருக்கறவங்க டாக்டரைக் கேட்டுட்டுத்தான் டென்னிஸ் பால் பக்கமே போகணும்.