வீட்டில் செய்த மர அஸ்திப் பெட்டியில் செல்லத்தின் படங்களை ஒட்டுவது எப்படி

பெட்டி தயார், சாம்பலும் தகனம் செய்த இடத்தில் கொடுத்த பையிலேயே இருக்கிறது, மேலே இறந்துபோன நம்ம செல்லப்பிராணியோட நாலு படம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள், ஆனால் கைவேலை பழக்கமில்லை. அப்படியென்றால் இது உங்களுக்குத்தான். பெட்டியை இனிமேல்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் ஒரு தோராயக் கணக்கு: உயிரோடு இருந்தபோது இருந்த எடையில் கிலோவுக்கு 36 மில்லி இடம். 20 கிலோ நாய்க்கு முக்கால் லிட்டர் ஆகும், பையோடு வைப்பதால் ஒரு லிட்டர் கொள்ளும் பெட்டியாகவே செய்துவிடுங்கள்.

முதலில் பிரிண்ட். என்னைக் கேட்டால் பாதி வேலை இதில்தான் இருக்கிறது. ஸ்டுடியோவில் போடும் பளபளப்பான போட்டோ வேண்டாம், அதன் தாள் தடிமன், மேலே பிளாஸ்டிக் பூச்சு வேறு, ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்தால் பசையின் ஈரம் பட்டதுமே பெரும்பாலும் மை கரைந்துவிடும். ஜெராக்ஸ் கடைக்குப் போய், சாதாரண 80 ஜிஎஸ்எம் தாளில் கலர் லேசர் பிரிண்ட் என்று சொல்லியே கேளுங்கள். கடைக்காரர் லேசர்தான் என்று சொன்னாலும் ஈர விரலால் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள், கலங்கவில்லை என்றால் சரி. ஒவ்வொரு படத்திலும் இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். வீட்டில் இருக்கும் ஒரே பழைய போட்டோவை மட்டும் ஒட்டிவிடாதீர்கள், ஸ்கேன் செய்து அதன் பிரதியை ஒட்டுங்கள்.

அப்புறம் மரம். 120 நம்பர் உப்புத்தாள், அடுத்து 220, இரண்டையும் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். ஏற்கெனவே பாலிஷ் போட்ட பெட்டி என்றால் படம் வரும் இடத்தில் அதைச் சுரண்டி எடுத்தால்தான் பசை பிடிக்கும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டுவதற்கு முன் தின்னர் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

வெட்டிய படங்களைப் பசை இல்லாமல் பெட்டிமேல் அடுக்கிப் பாருங்கள். மூடியும் பெட்டியும் சேரும் கோட்டில் முகம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், திறக்கும்போதெல்லாம் அதன் மூக்கு இரண்டாகப் பிரிவதைப் பார்க்க நன்றாகவா இருக்கும்? இடம் முடிவானதும் பென்சிலால் லேசாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் போதும், மூன்று பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர். மரத்திலும் தாளின் பின்பக்கத்திலும் மெல்லிசாகத் தடவி, படத்தை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பழைய ஏடிஎம் கார்டால் காற்றைத் தள்ளுங்கள். பசை அதிகமானால்தான் தாள் சுருங்கும். காய்ந்தபின் எங்காவது குமிழ் தெரிந்தால் ஊசியால் குத்தி, துளி பசை விட்டு அழுத்துங்கள்.

தாள் ஒட்டியது தெரியாமல், படமே மரத்தில் அச்சானது போல வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. அதே லேசர் பிரிண்ட்டை இடவலம் மாற்றி எடுங்கள் (மறந்தால் பெயர்ப்பட்டையில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகிவிடும்), ஓவியப் பொருள் கடையில் கிடைக்கும் அக்ரிலிக் ஜெல் மீடியம் தடவி, மை உள்ள பக்கம் மரத்தில் படும்படி கவிழ்த்து ஒட்டி, ஓர் இரவு விடுங்கள். மறுநாள் தாளை நனைத்து விரல் நுனியால் மெதுவாக உருட்டித் தேய்த்தால் தாள் உரிந்து மை மட்டும் தங்கும். காய்ந்ததும் வெள்ளையாகப் புகை படிந்ததுபோல் தெரிந்தால் இன்னும் தாள் மிச்சம் இருக்கிறது, மறுபடி நனைத்துத் தேயுங்கள், அவசரப்பட்டால் மையும் சேர்ந்து வரும். ஒரு விஷயம் முக்கியம்: பிரிண்டர் வெள்ளை நிறத்தை அச்சடிப்பதில்லை, படத்தில் வெள்ளை உள்ள இடமெல்லாம் மரத்தின் நிறம்தான் தெரியும். வெள்ளைப் பொமரேனியனைத் தேக்கில் இறக்கினால் பழுப்பு நாயாகிவிடும். அதற்கு முதலில் வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் அடித்துவிடுங்கள், அல்லது பேசாமல் தாளையே ஒட்டுங்கள். எந்த வழியானாலும் முதலில் மிச்ச மரத்துண்டில் ஒரு சோதனை.

நன்றாகக் காய்ந்ததும் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வார்னிஷ், மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் டப்பாவில் போட்ட நேரம். தின்னர் கலந்த வார்னிஷைப் பிரஷ்ஷால் இழுத்தால் லேசர் மை கலங்கும், எண்ணெய் வார்னிஷ் போகப் போக மஞ்சளாகும். பூச்சை விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள், ஃபெவிகால் ஈரத்தில் இளகும் சரக்கு, கடலோர ஊர்களில் காற்றிலேயே அந்த ஈரம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம்.

மூடியை நாலைந்து நாள் திறந்தே வையுங்கள், சீக்கிரம் மூடினால் வார்னிஷ் ஒட்டிக்கொண்டு திறக்கும்போது படத்தைக் கிழிக்கும். அதற்கப்புறம் சாம்பலை இறுகக் கட்டிய பையோடு உள்ளே வைத்து, வெயில் நேரே விழாத அலமாரியில் வையுங்கள். ஜன்னலோரம் வைத்தால் எந்தப் பிரிண்ட்டும் வெளுக்கும்.