"நான் பொறுப்பு" என்று எழுதுவதற்கு முன்

கடன் பத்திரமோ சங்கத் தீர்மானமோ அலுவலகக் குறிப்போ, புதிதாக எழுத வருகிறவர்கள் எல்லாவற்றிலும் 'பொறுப்பு' என்ற ஒரே சொல்லைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். சந்திப்பிழையைத் திருத்த ஆள் கிடைப்பார், அதை விட்டுவிடலாம். பணமும் பதவியும் கைமாறும் இடத்தில் சொல் மாறினால் திருத்த யாரும் வருவதில்லை.

கடமையும் பொறுப்பும் ஒன்று என்று எண்ணுவது

கடமை என்பது செய்ய வேண்டிய வேலை. அந்த வேலை கெட்டால் பதில் சொல்ல வேண்டியது பொறுப்பு. ரேஷன் கடையில் இருப்புப் பதிவேட்டை அன்றாடம் எழுதுவது விற்பனையாளரின் கடமை. மூட்டை குறைந்தால் விளக்கம் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. அரசமைப்புச் சட்டத்தில் 1976இல் சேர்ந்த 51ஏ பிரிவை 'அடிப்படைப் பொறுப்புகள்' என்று எழுதுவோர் உண்டு. அவை அடிப்படைக் கடமைகள்.

சங்கத் தீர்மானத்தில் "கணக்குக்குச் செயலாளர் பொறுப்பு" என்று எழுதினால் சண்டைக்குத்தான் உதவும். யார் எழுதுவது, யார் சரிபார்ப்பது, எந்தத் தேதிக்குள், குறை வந்தால் யார் யாருக்கு விளக்கம் தருவது: நான்கையும் தனித்தனி வரியாக எழுதுங்கள்.

உத்திரவாதம்

உத்திரம் கூரையைத் தாங்குவது. எழுத வேண்டிய சொல் உத்தரவாதம்.

ஜாமீனைச் சம்பிரதாயக் கையெழுத்தாக நினைப்பது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இது. கடன் பத்திரத்தின் அடியில் இரண்டு நண்பர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். 'சாட்சி' என்பதன் கீழே போட்டவர், கடன் வாங்கியவர் கையெழுத்திட்டதைப் பார்த்தவர். அவ்வளவுதான், ஒரு ரூபாய்கூட அவர் தர வேண்டியதில்லை. 'ஜாமீன்' என்பதன் கீழே போட்டவர் கடனையே தலையில் ஏற்றிக்கொண்டவர். இருவரும் "பேருக்கு ஒரு கையெழுத்து" என்று சொல்லித்தான் அழைத்து வரப்படுகிறார்கள்.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 128 சொல்வது இதுதான்: பத்திரத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை ஜாமீன்தாரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். 3 லட்சம் ரூபாய்க் கடனென்றால் அசல் மட்டுமல்ல, ஒப்பந்த வட்டியும் சேர்ந்தே வரும். "முதலில் அவனைப் பிடியுங்கள், அவன் சொத்தை ஏலம் விடுங்கள், மிச்சத்துக்கு என்னிடம் வாருங்கள்" என்று ஜாமீன்தார் வாதாடுவார். எடுபடாது. கடன் வாங்கியவரிடம் எல்லா வழியும் தீர்ந்த பிறகுதான் ஜாமீன்தாரிடம் வர வேண்டும் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1969இலேயே, பாங்க் ஆஃப் பீகார் எதிர் தாமோதர் பிரசாத் வழக்கில் சொல்லிவிட்டது. வங்கிக் கடனாக இருந்தால் ஜாமீன் கையெழுத்து உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் ஏறும்.

எழுத்து இல்லாவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. பிரிவு 126இன்படி ஜாமீன் வாய்மொழியாகவும் இருக்கலாம். கடை வாசலில் சர்வசாதாரணமாகச் சொல்லும் மூன்று வாக்கியங்களைப் பாருங்கள். "நல்ல பையன்தான், நம்பிக் குடுக்கலாம்" என்பது வெறும் சிபாரிசு. "அவன் தரலைன்னா நான் தர்றேன்" என்பது ஜாமீன். "சரக்கை அவன்கிட்ட குடுங்க, என் கணக்குல எழுதிக்குங்க" என்றால் சொன்னவரே கடனாளி. இந்த மூன்றையும் ஊரில் "அவனுக்கு நான் பொறுப்பு" என்றே சொல்கிறார்கள். வழக்கு வந்தால் எதைச் சொன்னார் என்று நிரூபிப்பதிலேயே வருடங்கள் ஓடும்.

ஜாமீனோடு குழம்பும் இன்னொன்று ஈட்டுறுதி. ஜாமீனில் கடன் கொடுத்தவர், வாங்கியவர், ஜாமீன்தார் என மூன்று பேர். ஈட்டுறுதியில் இரண்டே பேர்: உனக்கு நட்டம் வந்தால் நான் ஈடு செய்கிறேன் என்பது. கிரயப் பத்திரத்தில் வில்லங்கம் வந்தால் "நானே முன்னின்று என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பேன்" என்று வருமே, அது இந்த வகை. அதில் பொறுப்பு என்ற சொல்லே கிடையாது. ஆனாலும் யார், எதை, யார் செலவில் என்பது தெளிவாக நிற்கிறது. பழைய பத்திர எழுத்தர்களிடம் கற்க வேண்டியது இதைத்தான்.

ஜாமீன் எழுதியே ஆக வேண்டுமென்றால் "நான் பொறுப்பு" என்று நிறுத்தாதீர்கள். "இன்ன தேதியில் வாங்கிய ரூ.2,00,000 கடனுக்கு, அசலும் வட்டியும் செலவும் சேர்த்து ரூ.2,40,000 வரை மட்டும் ஜாமீன்" என்று உச்சவரம்பு போடுங்கள். கடைக்குத் தொடர்ந்து சரக்கு வாங்கும் கணக்கென்றால், எந்தத் தேதிவரை கொடுக்கும் சரக்குக்கு என்றும் எழுதுங்கள். இத்தகைய தொடர் ஜாமீனை அறிவிப்புக் கொடுத்து விலக்கிக்கொள்ளலாம் (பிரிவு 130). ஆனால் அறிவிப்புக்கு முன் ஏறிய பாக்கி போகாது. ஒன்றுக்கு மேற்பட்டவர் கையெழுத்திடும் பத்திரத்தில் 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்று இருந்தால், முழுத் தொகையையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம் என்று அர்த்தம். பங்கு போட்டுக்கொள்வது பிறகு உங்களுக்குள். ஜாமீன்தார் கட்டிவிட்டால் அந்தத் தொகையைக் கடன் வாங்கியவரிடம் திரும்பக் கேட்கும் உரிமை பிரிவு 145இல் இருக்கிறது. கட்டியதற்கான ரசீது கடன் வாங்கியவர் பெயரில் போய்விடாமல், யார் கட்டினார் என்று தெரியும்படி வாங்கி வையுங்கள்.

பொறுப்புடைமை, பொறையுடைமை

முதலாவது, பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பது. இரண்டாவது, குறளின் 16ஆம் அதிகாரம், பொறுமை. இலங்கை இதழ்களில் முதலாவதற்குப் 'பொறுப்புக்கூறல்' என்பார்கள். அதில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

அடைப்புக்குறியை விழுங்குவது

தமிழ்நாட்டில் 'தலைமை ஆசிரியர் (பொறுப்பு)' என்றால் அந்தப் பதவி அவருக்கு நிரந்தரமல்ல, தற்காலிகமாகக் கவனிக்கிறார் என்று பொருள். 2016 செப்டம்பர் முதல் ஓராண்டுக்கு மேல் மகாராஷ்டிர ஆளுநர் வித்யாசாகர் ராவ் தமிழ்நாட்டையும் சேர்த்துக் கவனித்தபோது செய்திகள் அவரைப் 'பொறுப்பு ஆளுநர்' என்றே எழுதின. கடிதத்தில் அடைப்புக்குறியை விட்டுவிட்டால் இல்லாத பதவி உயர்வைக் கொடுத்தவர் ஆவீர்கள். 'பொறுப்பான ஆளுநர்' என்றால் அது பாராட்டு.

இலங்கையில் இது தலைகீழ். அங்கே பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி என்பது நிலையத்தின் தலைமைப் பதவி. தற்காலிகமானவர் 'பதில்' என்ற முன்னொட்டோடு வருவார்: பதில் அமைச்சர், பதில் நீதவான். யாருடைய கேள்விக்குப் பதில் என்று தேட வேண்டாம்.

கணக்கேட்டில்

'பொறுப்புகள்' என்றால் கொடுக்க வேண்டியவை. முதலாளி போட்ட முதலும் அந்தப் பக்கம்தான்.

பொறுப்பேற்றார்

செய்தி எழுதுகிறவர்களுக்கு. இந்தச் சொல் பதவியில் அமர்வதற்கும் வருகிறது, தவறுக்குப் பதில் சொல்வதற்கும் வருகிறது, குண்டு வைத்தது நாங்கள்தான் என்று அறிவிப்பதற்கும் வருகிறது. "விபத்தைத் தொடர்ந்து அமைச்சர் பொறுப்பேற்றார்" என்ற தலைப்பில் புது அமைச்சர் வந்தாரா, பழையவர் போனாரா? 1956 நவம்பரில் அரியலூர் ரயில் விபத்துக்குப் பிறகு ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி செய்தது, தார்மிகப் பொறுப்பேற்றுப் பதவி விலகியது. 'தார்மிக' என்பது அலங்காரமல்ல. குற்றத்தை ஒப்புக்கொள்வதிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும் சொல் அதுதான், வெட்டக் கூடாது. முதல் வகைக்குப் 'பதவியேற்றார்', மூன்றாவதற்குத் 'தாங்களே நடத்தியதாக அறிவித்தது' என்று எழுதினால் போதும்.