கணித மன்றக் கூட்டம் நடத்துவது எப்படி: ஒரு பேச்சு, டீ, ஒரு பிடி புளியங்கொட்டை

கல்லூரிக் கணித மன்றக் கூட்டங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கெடும். அழைப்பிதழில் 2 மணி என்று இருக்கும். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, விருந்தினர் அறிமுகம், பொன்னாடை எல்லாம் முடிந்து பேச்சாளர் மைக்கைப் பிடிக்கும்போது மணி 2.50. அவர் சுவையான இடத்தைத் தொடும்போது, 3.45 பஸ்ஸுக்காகப் பின்வரிசையில் பைகள் தோளில் ஏறிவிடும்.

கீழே சொல்லும் முறை 60 பேர், ஒரு செமினார் ஹால், 1¾ மணி நேரம் என்ற கணக்கில்.

1. தேதி

டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்தநாள், தேசியக் கணித நாள். மார்ச் 14 பை (π) நாள். 2020 முதல் யுனெஸ்கோவின் சர்வதேசக் கணித நாளும் அதுதான். இரண்டுமே வம்பான தேதிகள். முன்னது செமஸ்டர் தேர்வோடும் விடுமுறையோடும் மோதும், பின்னது இன்டெர்னல், மாடல் தேர்வுகளோடு மோதும். முதல்முறை நடத்துபவர்கள் செமஸ்டர் தொடங்கி நான்காவது வாரத்தில் ஒரு புதன் அல்லது வியாழனைப் பிடியுங்கள். வெள்ளி மதியம் வேண்டாம், விடுதி மாணவர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்.

2. பேச்சாளர்

மூன்று வாரம் முன்பே எச்.ஓ.டி. (துறைத் தலைவர்), முதல்வர் அனுமதி வாங்கிவிட்டுத்தான் பேச்சாளருக்குப் போன் போட வேண்டும். வரிசை மாறினால் அழைத்தவரை வேண்டாம் என்று சொல்லும் சங்கடம் வரும். பெரிய பெயர்தான் வேண்டும் என்று நிற்காதீர்கள். சென்னைப் பக்கமென்றால் தரமணி கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரி சென்னைக் கணிதக் கழகம், சென்னைப் பல்கலைக்கழக ராமானுஜன் உயராய்வு நிறுவனம் ஆகிய இடங்களின் முனைவர் பட்ட மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். பி.எஸ்சி. முதலாண்டில் எது புரியாமல் தவித்தோம் என்பது அவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது.

அவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டியவை: பேச்சு 40 நிமிடம், கேட்பவர்கள் இரண்டாமாண்டு பி.எஸ்சி., கரும்பலகை உண்டு, பயணச் செலவு நம்முடையது. இதைச் சொல்லாவிட்டால் தன் ஆய்வேட்டையே கொண்டுவந்து விரிப்பார். அதோடு ஒரு வேண்டுகோள்: கையால் போட்டுப் பார்க்கக்கூடிய ஓர் எடுத்துக்காட்டு வேண்டும்.

எந்த அளவுக்கு எளிதாக என்று அவர் கேட்டால் இதைச் சொல்லுங்கள். 4 என்ற எண்ணைக் கூட்டலாகப் பிரிக்க 5 வழிகள்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. 9-க்கு 30 வழிகள், 14-க்கு 135. மூன்றும் 5-ஆல் வகுபடுகின்றன. 4, 9, 14, 19 என்று போய்க்கொண்டே இருந்தாலும் வகுபடும் என்று ராமானுஜன் 1919-இல் வெளியான கட்டுரையில் நிறுவினார். 4-க்கான ஐந்து வழிகளை மாணவர்களே நோட்டில் எழுதிய பிறகு 100-க்கு 19,05,69,292 வழிகள் என்று சொன்னால் ஹால் நிமிர்ந்து உட்காரும். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் அது வெறும் பெரிய எண்.

3. நேரக் கணக்கு

2.00 வாழ்த்தும் வரவேற்பும், 2.10 பேச்சு, 2.50 கேள்விகள், 3.00 டீயும் விளையாட்டும், 3.35 பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை. மரியாதைகளைக் கடைசிக்குத் தள்ளுவதுதான் இதில் முக்கியம். முதல்வர் வருவதாக இருந்தால் தலைமையுரையை வெட்டப் பார்க்காதீர்கள், நடக்காது. 5 நிமிடம் என்று நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டு முந்தின நாளே கையில் கொடுத்துவிட்டு, பேச்சை அந்த 5 நிமிடம் தள்ளி வையுங்கள். விருந்தினர் அறிமுகம் மூன்றே வரி.

4. ஹால்

ஸ்லைடு உண்டென்றால் பி.டி.எஃப். ஆக வாங்குங்கள், வேறு கணினியில் திறக்கும்போது சமன்பாடுகள் கட்டம் கட்டமாகச் சிதறுவது பி.டி.எஃப்.-இல் அநேகமாக இருக்காது. பலகையில் ஒரு வரி எழுதிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். மைக்குக்கு மாற்று பேட்டரி வையுங்கள்.

5. கேள்வி நேரம்

"ஏதாவது கேள்வி இருக்கா?" என்றதும் ஹால் மௌனமாகும். ஐந்து விநாடியில் நன்றியுரைக்குத் தாவுவதுதான் வழக்கமான தவறு. பேச்சு தொடங்கும்போதே துண்டுச்சீட்டு கொடுத்து, பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள். படிக்கும் முதல் சீட்டு மிக எளிய கேள்வியாக இருக்கட்டும். அதற்குப் பேச்சாளர் பொறுமையாகப் பதில் சொல்வதைப் பார்த்த பிறகுதான் கைகள் உயரும்.

6. டீயும் மேசைகளும்

ஒரு கப் 100 மில்லி என்றால் 60 பேருக்கு 6 லிட்டர். 7 சொல்லுங்கள், அதில் ஒன்று சர்க்கரை இல்லாமல். வடை வேண்டாம், எண்ணெய்க் கை விளையாட்டுச் சார்ட்டை நாசமாக்கும். இரண்டரைக் கிலோ கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறப்போட்டுச் சுண்டல் செய்து, தொன்னையில் ஸ்பூனோடு கொடுத்தால் போதும்.

டீயை மட்டும் வைத்தால் முதலாண்டு ஒரு மூலை, மூன்றாமாண்டு ஒரு மூலை என்று பிரிந்து நிற்பார்கள். கைக்கு வேலை கொடுங்கள்.

ஒரு மேசையில் புளியங்கொட்டை: 3, 5, 7 என்று மூன்று குவியல். ஒருவர் முறைக்கு ஏதாவது ஒரு குவியலிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், குறைந்தது ஒன்று. கடைசிக் கொட்டையை எடுப்பவர் வெற்றி. இதைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். கடைசியில் எடுப்பவர் தோற்பதாக ஆடும் வகையும் உண்டு, சண்டை வரும். முதலில் ஆடுபவர் எந்தக் குவியலிலிருந்தாவது சரியாக ஒரே ஒரு கொட்டையை எடுத்தால், அதன்பின் தவறாமல் ஆடினால் அவரை வெல்ல முடியாது. காரணம் இரும எண்ணில் இருக்கிறது: 011, 101, 111. மற்ற இடங்களில் இரண்டிரண்டு ஒன்றுகள், கடைசியான ஒன்றின் இடத்தில் மட்டும் மூன்று. அதை இரட்டைப்படையாக்க வேண்டும். இதை அரைமணி நேரத்துக்குச் சொல்லவே சொல்லாதீர்கள்.

இன்னொரு மேசையில் தீக்குச்சி. குச்சியின் நீளத்தை அளந்து, அதன் சரியாக இரண்டு மடங்கு இடைவெளியில் சார்ட்டில் இணைகோடுகள் போடுங்கள். குச்சிகளைச் சுழற்றி எறிந்து, கோட்டைத் தொட்டவற்றை எண்ணுங்கள். எறிந்த மொத்தத்தைத் தொட்டதால் வகுத்தால் பை அருகே வரும். 200 முறை எறிந்தால் தொடுவது பெரும்பாலும் 57-க்கும் 70-க்கும் நடுவில், அதாவது விடை 2.9 முதல் 3.5 வரை. இடைவெளியைக் கண்ணளவில் போட்டால் அந்தப் பிழை அப்படியே விடையில் வந்துவிடும். குச்சிகளை ஒரே திசையில் அடுக்கி எறிந்தாலும் கெடும். மின்விசிறியை நிறுத்துங்கள். முக்கியமாக, 200 என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், 3.14 வந்ததும் நிறுத்துகிற கெட்டிக்காரர் எல்லாத் துறையிலும் உண்டு.

வாசலில் 12 மாதச் சார்ட் ஒன்று தொங்கட்டும், நுழைபவர்கள் பிறந்த தேதியைக் குறிக்கட்டும். 23 பேர் இருந்தாலே இருவருக்கு ஒரே தேதி வரும் வாய்ப்பு பாதிக்கு மேல். 60 பேரென்றால் 99 சதவீதத்துக்கு மேல். நம்மூரில் இன்னும் கூடும். பள்ளியில் சேர்க்க வசதியாகச் சான்றிதழில் மே, ஜூன் என்று போட்டவர்கள் அந்தக் கட்டங்களை நெருக்கிவிடுவார்கள். எல்லா நாளிலும் ஒரே அளவில் பிறப்பு, அதாவது சீரான பரவல், என்று எடுத்துக்கொண்ட சூத்திரம் எங்கே இடறுகிறது என்பதைப் பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

7. முடிந்த பின்

பலகையை அழிக்கும் முன் போட்டோ எடுத்துப் பேச்சாளருக்கும் வகுப்புக் குழுவுக்கும் அனுப்புங்கள். வகுப்புக்கு வராதவர்களுக்கான ஓ.டி. (ஆன் டியூட்டி) பட்டியலில் அன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள். பயணச் செலவைக் கவரில் போட்டு அவர் வண்டி ஏறுமுன் கையில் கொடுங்கள். அலுவலகத்தில் பில் பாஸாகட்டும் என்று காத்திருந்தால் அடுத்த செமஸ்டர் வந்துவிடும்.